பிளாஸ்டர் இறுகும்வரை

என் அக்கா புருஷன் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர் ஆளை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் மாவு மாதிரி ஒன்றை வைத்து அழுத்தி, அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவார். இறுகியதும் அப்படியே அந்த ஆளின் ஈறும் மிச்சமிருக்கிற பற்களும் வெள்ளையாக வந்து நிற்கும். அதன்மேல் ரோஸ் நிற மெழுகை வைத்து, மெழுகில் செயற்கைப் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பல் செட் செய்து திருப்பி அனுப்புவார். எத்தனையோ பேர் இவர் கட்டிய பல்லால் மென்றுகொண்டிருக்கிறார்கள். தெருவில் எதிரே வந்தால் ஒருத்தருக்கும் இவரைத் தெரியாது. நான் மாமா என்று கூப்பிடுவேன். இங்கேயும் மாமா என்றே சொல்கிறேன்.

அவர் வேலை செய்யும் பட்டறை ஒரு கட்டடத்தின் பின்பக்கத்து அறை. நீளமான ஒரு மேசை, மூன்று ஸ்டூல், ஸ்பிரிட் விளக்கு, சுவரோரம் அடுக்கடுக்காக ஊர்ப்பட்ட வாய்கள். எதைத் தொட்டாலும் கையில் வெள்ளைத் தூள் ஒட்டும். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். வருகிற வேலை ஒவ்வொன்றின்மேலும் "அவசரம்" என்று எழுதி ஒட்டுவார். எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் செய்வது என்று மாமா ஒருமுறை கேட்டதற்கு, "எல்லாத்தையும்தான்" என்றாராம். நல்ல மனுஷர்தான், பாவம். சாகும்போதும் அவசரமாகத்தான் சாவார்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் தினமும் உட்கார்ந்து முகம் செய்துகொண்டிருந்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே முதலில் நம்பவில்லை. நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பிளாஸ்டர் ஊற்றினால் அது இறுகுகிறவரை தொடக் கூடாது. அவசரமே வந்து நின்றாலும் அது தன் நேரத்தில்தான் இறுகும். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போவார்கள். மாமா போவதை நிறுத்திவிட்டார். ஒரு துண்டு மெழுகை விளக்கில் காட்டி, உள்ளங்கையளவு முகம் செய்ய ஆரம்பித்தார். என் அக்காவின் முகம்.

அக்கா செத்துப்போனபோது அவள் மகள் குட்டிக்கு நடை பழகும் வயது. காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஆகாது. நான் அவர்கள் வீட்டு மாடியிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். அன்றிலிருந்து குட்டி என் மெஷின் காலடியில்தான் வளர்ந்தாள். தங்கச்சிதான் தனியாக இருக்கிறாளே, அவளையே மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தால் என்ன என்று சில சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தார்கள். நான் திறந்த திறப்பில் அவர்கள் மூடிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா காலையில் சமைத்து, குட்டிக்குத் தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, பட்டறைக்கு ஓடுவார். சாயங்காலம் வந்து துணி துவைப்பார். வீட்டில் அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சித்தி, அம்மா ரொம்பக் கோவக்காரியா?"

"யார்றி சொன்னா?"

"எந்தப் போட்டோலயும் சிரிக்கவே இல்லையே. எனக்குப் பயமா இருக்கு."

எங்கள் அக்கா சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விஷயம் என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்படிச் சிரிப்பாள். ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். வரிசையை விட்டு வெளியே வந்து, உதட்டை இடித்துக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் யாரோ கேலி பண்ணியதிலிருந்து அவள் கை வைக்காமல் சிரித்ததே இல்லை. போட்டோ என்றால் கேட்கவே வேண்டாம், உதட்டை ஒட்டவைத்தது மாதிரி நிற்பாள். கல்யாணப் போட்டோவைப் பார்த்தால் யாரோ மிரட்டிக் கொண்டுவந்து நிறுத்தியது போலிருக்கும்.

"உங்கம்மா சிரிச்சா எப்படி இருக்கும் தெரியுமா?" என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்ல வரவில்லை. சிரிப்பை எப்படி வாயால் சொல்வது? மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் காட்டறேன் குட்டி" என்றார். மறுநாள்தான் அந்த மெழுகு வேலை ஆரம்பமானது. குட்டிக்கு அவள் அம்மாவின் சிரிப்பைக் காட்ட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டை நான்தான் பட்டறைக்குக் கொண்டுபோவேன். அதனால் அந்த முகங்கள் எல்லாவற்றையும் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். முதலில் செய்ததெல்லாம் உருளைக்கிழங்கு. மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். "இது யாரு, உங்க முதலாளியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அதை உருக்கிவிட்டார். எது செய்தாலும் உருக்கிவிடுவார். அடுத்த வாய்க்கு அந்த மெழுகு வேண்டுமே. காலையில் வந்த அக்கா மத்தியானம் யாரோ ஒரு கிழவரின் ஈறாகப் போய்விடுவாள். தினமும் அதே கதை. எனக்குப் பார்க்கவே பொறுக்காது. ஆனால் அவர் விடவில்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும், அவசரம் தலைக்குமேல் நின்று கத்திய நாளிலும், பிளாஸ்டரை ஊற்றிய கையோடு மெழுகை எடுத்துவிடுவார். சில நாள் ஒரு புருவம் மட்டும் முடியும், சில நாள் ஒரு கன்னம்.

கை பழகிவிட்டது. நெற்றி வந்தது. கண் வந்தது, சிரிக்கும்போது அக்காவின் கண் இடுங்கிப்போகுமே, அந்தக் கண்ணைப் பார்த்த அன்று நான் கேரியரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். ஆனால் வாய் மட்டும் வரவில்லை. பல் செட் கட்டியே பழகிய கை அல்லவா, பல்லைச் செய்தால் அது பாட்டுக்கு நூல் பிடித்தமாதிரி வரிசையாகச் செய்துவிடும்.

"மாமா, இவ பற்பசை விளம்பரத்துல வர்றவ. எங்க அக்கா எங்கே?"

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

வேண்டுமென்றே ஒரு பல்லைக் கோணலாக வைத்துப் பார்த்தார். அது விழுந்து உடைந்த பல் மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் என்பதிலேயே எங்களுக்குள் சண்டை. நான் வலப்பக்கம் என்றேன், அவர் இடப்பக்கம் என்றார். அவளோடு ஒரே பாயில் படுத்துக் கிடந்தவள் நான், எனக்குத் தெரியாதா என்று குதித்தேன். கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தோம். மூடிய உதடு இடப்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அக்காவின் பல் எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துவிட்டது என்ற ஆத்திரம், வேறென்ன.

அக்கா அந்தப் பல்லைச் சரி பண்ணச் சொல்லித்தான் இவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஊர்ல இருக்கறவன் பல்லையெல்லாம் அழகு பண்றீங்க, வீட்ல இருக்கறவ கண்ணுக்குத் தெரியலையா?" என்பாள். இவரும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்பார். ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போய் அச்சுகூட எடுத்தார். அதில் பிளாஸ்டர் ஊற்றி, பல்வரிசையை அலமாரியில் வைத்தார். அது அங்கேயே நின்றது. அவளுடையதன்மேல் அவசரம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. பட்டறையை இந்தக் கட்டடத்துக்கு மாற்றியபோது பழைய பிளாஸ்டரையெல்லாம் சாக்கில் அள்ளிக் கொட்டினார்கள். சாக்கைக் கட்டியவரே மாமாதான். அப்போது அக்கா உயிரோடு இருந்தாள். அது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்தப் பல்வரிசை மட்டும் இருந்திருந்தால் போதும், அதைப் பார்த்துப் பார்த்தே செய்திருப்பார்.

வருஷங்கள் போயின. குட்டி வளர்ந்தாள். "அம்மா சிரிப்பு முடிஞ்சுதாப்பா?" என்று அவ்வப்போது கேட்பாள். "இன்னும் கொஞ்சம்தான்" என்பார். பிறகு அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெரிய வகுப்புக்குப் போனதும் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது: சிரித்தால் கையை வாயில் வைத்துக்கொள்வாள். நினைவே இல்லாத அம்மாவின் பழக்கம் இவளுக்கு எப்படி வந்தது பார் என்று நாங்கள் இருவரும் மாய்ந்து மாய்ந்து போனோம். "அப்படியே அவதான்" என்பார் மாமா. நானும் வருகிறவர்களிடமெல்லாம் அவளைச் சிரிக்கச் சொல்லிக் காட்டுவேன். அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதிலும் ஒருத்தர் பிழைப்பே அடுத்தவர் வாயைப் பார்ப்பது.

ஒரு சாயங்காலம் குட்டி என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சித்தி, என்னை பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா? அப்பாவுக்குச் சொல்லாதே."

"ஏண்டி, பல் வலியா?"

கையை எடுத்துக் காட்டினாள். மேல்வரிசையில், இடப்பக்கம், உதட்டை இடித்துக்கொண்டு ஒரு தெத்துப்பல். பால்பல் விழுந்த இடத்தில் முளைத்தது, இடம் கிடைக்காமல் வெளியே வந்திருக்கிறது. என் கையிலிருந்த துணி நழுவியது தெரியாமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"கிளாஸ்ல எல்லாரும் கேலி பண்றாங்க. பல் கட்டறவர் பொண்ணுக்கே பல் கோணல்னு."

"அப்பாகிட்ட சொன்னா செய்ய மாட்டாரா?"

"அவருக்கு ஏது நேரம்? அடுத்த மாசம்னுவார்" என்றாள்.

அக்கா குறைப்பட்டது அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். கம்பி வைத்த தகடு ஒன்று செய்து மாட்டினால் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விடும் என்று சொல்லி டாக்டர் அச்சு எடுத்தார். அவர் எல்லா வேலையையும் அவசரத்தின் பட்டறைக்குத்தான் அனுப்புவார் என்பது எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் புதிதாக எடுத்த ஒரு பிளாஸ்டர் பல்வரிசை. ஈரம்கூடக் காயவில்லை. மேசையில் மெழுகு அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அப்படி ஒரு முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை.

"உங்க அக்கா அச்சு கிடைச்சிருச்சு" என்றார். "டாக்டர்கிட்டயே பழசு ஒண்ணு இருந்திருக்கு போல. என்னன்னு தெரியாம அனுப்பிட்டாங்க. பாரு, இடப்பக்கம். நான் சொன்னேன்ல?"

பல் அடையாளம் அவருக்குத் தெரியாதா என்ன? சின்னப் பிள்ளையின் தாடை எது, பெரியவளின் தாடை எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர். மாவில் எடுத்த அச்சு வருஷக்கணக்கில் நிற்காது என்பதும் தெரிந்தவர். அன்றைக்கு அது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அந்த ஒரு பல்தான் தெரிந்திருக்கிறது.

"மாமா, அது அக்காவோடது இல்ல. குட்டியோடது."

அவருக்கு விளங்க நேரமாயிற்று. பல்வரிசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"அவளுக்கு எப்ப இது வந்துச்சு?"

"கையை வாயில வைக்க ஆரம்பிச்சப்ப."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கேரியரைத் திறந்து வைத்தேன், தொடவில்லை. அவசரம் உள்ளே வந்து என்னவோ கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார். மாமா அந்தப் பல்வரிசையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையில் மெழுகுக் கத்தியை எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கு அவர் கை வழக்கம்போல நூல் பிடிக்கவில்லை. பல்லின் சாய்மானத்தைப் பார்ப்பார், மெழுகில் ஒரு தட்டு தட்டுவார், மறுபடி பார்ப்பார். மேலுதடு அந்தப் பல்லின்மேல் ஏறி நின்றது. அவ்வளவுதான். எங்கள் அக்கா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதை அவர் உருக்கவில்லை. ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

குட்டி புத்தகத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாமா அவள்முன் அதை வைத்தார். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மாவா?"

"ம்."

"இப்படியா சிரிப்பாங்க?" என்றாள். அவள் முகம் மலர்ந்தது. "கோவக்காரி இல்லல்ல சித்தி?"

"கோவமும் உண்டுடி. என்னை விடக் கம்மி."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் மெழுகிலிருந்த பல் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. கை மெதுவாக வாய்க்குப் போயிற்று.

"அம்மாவுக்கும் இந்தப் பல்லா?"

"ஆமா."

"அவங்களுக்கு இது பிடிக்குமா?"

"எங்கே பிடிச்சுது? கடைசிவரைக்கும் அவளுக்கு அது ஆகவே ஆகாது" என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அப்போது மாமா சொன்னார். "எனக்குப் பிடிக்கும். அந்தப் பல்லைப் பாத்துத்தான் இவளைக் கட்டிக்கணும்னு நெனச்சேன். அதான் அதைச் சரி பண்ணக் கை வரல. சாக்கு சொல்லிட்டே இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் நானே இதைக் கேட்டதில்லை. நேரமில்லை நேரமில்லை என்று இவர் தள்ளிப்போட்டதெல்லாம் இதற்குத்தானா? எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, தலையைத் தடவிக்கொடுக்கலாம் போலவும் இருந்தது.

"இதை அம்மாகிட்ட சொன்னீங்களாப்பா?" என்று குட்டி கேட்டாள்.

மாமா தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

குட்டி மெழுகு முகத்தை எடுத்துப் பத்திரமாக அவர் கையில் கொடுத்தாள். "அம்மா ரொம்ப அழகா இருக்காங்க" என்றாள். "ஆனா எனக்கு வேணாம்பா. அவங்க மாதிரி கையை வச்சுட்டே என்னால இருக்க முடியாது. எடுத்துடுங்கப்பா."

இருக்கட்டும், உனக்கு இது அழகுதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். கேலியைத் தாங்கப்போகிறவள் அவள், நாங்கள் இல்லை.

"நாளைக்கே செஞ்சிடறேன்" என்றார் மாமா. அடுத்த மாசம் என்று சொல்லவில்லை.

மறுநாள் மேசைமேல் இருந்த எல்லா அவசரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் மகளின் தகட்டைச் செய்தார். கம்பியை வளைத்து, உரசுகிற இடத்தையெல்லாம் தேய்த்து, தன் உதட்டில் வைத்துப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் மாட்டிவிட்டார். அக்காவின் சிரிப்பு உலகத்தில் அந்த ஒரு வாயில்தான் மிச்சமிருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகிற கம்பியை இவர் கையே வளைத்தது. குட்டி வலிக்கிறது என்று முனகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பார்.

பல் இறங்கியது. வரிசைக்குள் போயிற்று. குட்டி இப்போது வாயைத் திறந்து சிரிக்கிறாள், கை கீழே தொங்குகிறது. பள்ளிக்கூடத்துப் போட்டோவில் பல் அத்தனையும் தெரிய நிற்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. அதில் யார் சாயலும் இல்லை. மெழுகு முகத்தை மாமா வீட்டில் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார், வெயிலில் வளைந்துவிடுமே. காலையில் தண்ணீர் மாற்றுவது குட்டி.

முகம் முடிந்த பிறகும் அவர் டீ குடிக்கப் போகவில்லை. பிளாஸ்டர் ஊற்றினால் கை மெழுகுக்குப் போய்விடுகிறது. அதே முகம், அதே சிரிப்பு, செய்வார், உருக்குவார். முடிந்துபோனதை எதற்கு மறுபடி மறுபடி என்று கேட்டேன். "கை மறந்துடக் கூடாதுல்ல" என்றார்.

போன வாரம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது பட்டறையில் ஒரே சத்தம். அவசரம் ஒரு பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வயதான அம்மாவுக்கு மெழுகில் பல் நட்டு அனுப்பத் தயாராக வைத்திருந்தது. "இத்தனை வருஷமா வேலை பாக்கறே, இது கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் வரிசையாக இருந்தது. மேல்வரிசையில் இடப்பக்கம் ஒன்று மட்டும் வெளியே வந்து நின்றது.

மாமா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு கத்தியை விளக்கில் காட்டி, மெழுகை இளக்கி, அந்தப் பல்லைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். வரிசை சரியாகிவிட்டது. நான் கேரியரைத் திறந்து, ஆறிப்போவதற்குள் சாப்பிடச் சொன்னேன்.